நகர நெரிசலில் மின்சாரக் கார்

காலை ஒன்பது மணி. மதுரை சிம்மக்கல்லில் வண்டிகள் நகராமல் நிற்கின்றன. பெட்ரோல் கார்களின் எஞ்சின்கள் நின்ற இடத்திலேயே ஓடுகின்றன. ஓரடியும் நகராமல் எரிபொருள் தீர்கிறது. பக்கத்தில் நிற்கும் மின்சாரக் காரின் மோட்டாரோ சுழலவே இல்லை. நெரிசலுக்கு ஏற்ற வண்டி இதுதானா? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

நிற்பதற்கு ஆகும் செலவு

ஆட்களோடு 1,200 கிலோகிராம் நிறையுள்ள ஒரு கார் மணிக்கு 36 கிலோமீட்டர், அதாவது விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் செல்வதாகக் கொள்வோம். நிறையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் அதன் இயக்க ஆற்றல் கிடைக்கும்: 60,000 ஜூல். பிரேக்கை மிதித்து நிறுத்தும்போது இவ்வளவும் வெப்பமாகி வீணாகிறது. திருப்பரங்குன்றத்திலிருந்து மாட்டுத்தாவணிக்குப் போய்வரும் ஒருவர் வழியில் 60 முறை நின்றால், இழப்பு 36 லட்சம் ஜூல். இது சரியாக ஒரு யூனிட் மின்சாரம்!

மின்சாரக் காரில் இந்த இழப்பின் ஒரு பகுதி மீள்கிறது. வேகம் குறையும்போது சக்கரங்கள் மோட்டாரைச் சுழற்றுகின்றன. மோட்டார் மின்னாக்கியாகி மின்கலத்துக்கு மின்னேற்றுகிறது. மைக்கேல் பாரடே 1831-இல் கண்டறிந்த மின்காந்தத் தூண்டலே இதன் அடிப்படை. வைகைச் சமவெளியில் மேடேறும் செலவும் மிகக் குறைவு.

போதுமான தூரம் ஓடுமா?

2001-இல் பெங்களூரில் விற்பனைக்கு வந்த ரேவா கார் ஈய அமில மின்கலங்களால் ஓடியது. ஒருமுறை மின்னேற்றினால் சுமார் 80 கிலோமீட்டர் செல்லும். இன்றைய லித்தியம் அயனி மின்கலம் அதே எடையில் பல மடங்கு ஆற்றலைத் தாங்கும். யூனிட்டுக்கு ஆறு கிலோமீட்டர் என்று கொண்டாலும், நம் 30 கிலோமீட்டர் பயணத்துக்கு ஐந்து யூனிட் போதும். வீட்டின் 15 ஆம்பியர் பிளக்கில் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் இதை ஏற்றிவிடலாம்.

குறைகளும் உண்டு. குளிர்சாதனம் தூரத்தைப் பார்த்து மின்சாரம் உண்பதில்லை. நேரத்தைப் பார்த்து உண்கிறது. ஆகவே சித்திரை வெயிலில் நெரிசலில் சிக்கினால் கார் ஓடும் தூரம் குறையும். கடும் வெப்பம் மின்கலத்தின் ஆயுளையும் குறைக்கும்.

இரவில் எங்கே நிற்கும்?

பெரிய சிக்கல் காருக்கு வெளியே இருக்கிறது. மாசி வீதிகளை ஒட்டிய சந்துகளில் பல வீடுகளுக்கு வாசற்படியிலேயே தெரு தொடங்கிவிடுகிறது. மாடியில் குடியிருப்பவர் தெருவில் நிற்கும் காருக்கு ஒயர் இழுப்பது ஆபத்து. வீட்டோடு கொட்டகை உள்ளவருக்கு இக்கார் இன்றே பொருந்தும். மற்றவருக்கு, குடியிருப்புக்கு அருகே பொது மின்னேற்று நிலையம் வந்தால்தான் பொருந்தும்.

நாளை கல்லூரிக்கோ வேலைக்கோ போகும்போது, வழியில் வண்டி எத்தனை முறை நிற்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொன்றையும் 60,000-ஆல் பெருக்குங்கள். உங்கள் தெருவுக்கான விடை உங்களுக்கே கிடைக்கும்.