கூப்பிடு தூரத்துக்கு வண்டி எதற்கு?

பால் வாங்குவது, பிள்ளையைப் பள்ளியில் விடுவது, பேருந்து நிறுத்தத்துக்குப் போவது என அன்றாடப் பயணங்கள் பல 1 கிலோமீட்டருக்குள் முடிந்துவிடுகின்றன. அந்தத் தூரத்தை நடந்து கடக்க 12 முதல் 15 நிமிடம் போதும். சைக்கிளில் 5 நிமிடம்கூட ஆகாது. இவற்றுக்கும் வண்டியை எடுக்கும் பழக்கத்தால், தனியாக நேரம் ஒதுக்காமலே கிடைத்துவந்த உடலுழைப்பு நின்றுபோகிறது.

எவ்வளவு உழைப்பு தேவை?

பெரியவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல். 5 முதல் 17 வயது வரையுள்ளவர்களுக்கு நாள்தோறும் சராசரியாக 60 நிமிடம் வேண்டும். ஒரே மூச்சில் 10 நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனை இப்போது இல்லை. போக 15 நிமிடம், வர 15 நிமிடம் என்று வாரம் 5 நாள் நடந்தாலே 150 நிமிடம் நிறைந்துவிடும். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுவே மிதமான வேகம்.

உடலில் நிகழும் மாற்றங்கள்

நடக்கும்போது தசைகள் ரத்தத்திலுள்ள சர்க்கரையை எடுத்து எரிக்கின்றன. இன்சுலின் சரியாக வேலை செய்யாதவர்களுக்கும் இது நடப்பதால், சாப்பிட்டபின் சற்று நடப்பது சர்க்கரை ஏறுவதைக் குறைக்கிறது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு இருப்பதாக, 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் ஆய்வு காட்டியது. இங்கே இந்தப் பலன் பெரிது.

கெண்டைக்கால் தசைகள் சுருங்கி விரிந்து, காலில் தேங்கும் ரத்தத்தை இதயத்தை நோக்கி மேலேற்றுகின்றன. தொடர்ந்து நடப்பவர்களுக்கு ரத்த அழுத்தம் குறையும்; உடல் எடையைத் தாங்குவதால் எலும்பும் உறுதிப்படும். சைக்கிளில் எடையை இருக்கை தாங்குவதால் மூட்டுக்குச் சுமை குறைவு.

ஆய்வுகள் காட்டியவை

லண்டன் பேருந்து ஊழியர்களை ஆராய்ந்த ஜெர்ரி மாரிஸ், நாள் முழுதும் உட்கார்ந்திருந்த ஓட்டுநர்களைவிட, மாடிப் பேருந்தில் ஏறி இறங்கிய நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவு என்று 1953இல் காட்டினார். பிரிட்டனில் 2.6 லட்சம் பேரைப் பின்தொடர்ந்த ஆய்வு 2017இல் வெளியானது. வேலைக்குச் சைக்கிளில் சென்றவர்களிடையே, சொந்த வாகனத்திலும் பேருந்து, ரயிலிலும் சென்றவர்களைவிட இறப்பு அபாயம் 41 சதவீதம் குறைவாக இருந்தது. நடந்து சென்றவர்களுக்கு இதயநோய் அபாயம் குறைந்திருந்தது.

பழக்கத்துக்குக் கொண்டுவருதல்

1 கிலோமீட்டர் வரை நடை, 3 அல்லது 4 கிலோமீட்டர் வரை சைக்கிள் என்று வீட்டில் ஒரு வரையறை வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் பேருந்தில் சென்று, ஒரு நிறுத்தம் முன்னதாக இறங்கி நடக்கலாம். தமிழக அரசின் விலையில்லா சைக்கிள்கள் பல வீடுகளில் உண்டு. மூலையில் நிற்கும் சைக்கிளுக்குக் காற்றடித்து, பிரேக்கைச் சரிபார்த்தால் மீண்டும் ஓட்டலாம். பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்கும்படி இருக்கையின் உயரத்தை அமைப்பது, மூட்டுவலியைத் தவிர்க்கும்.

கவனிக்க வேண்டியவை

கோடையில் காலை 11 முதல் மாலை 3 மணி வரை நடையைத் தவிர்த்து, மற்ற நேரத்திலும் தண்ணீருடன் செல்வது நல்லது. நடைபாதை இல்லாத சாலையில், எதிரே வரும் வண்டிகள் தெரியும்படி வலது ஓரமாக நடக்க வேண்டும். சைக்கிளை இடது ஓரமாக, தலைக்கவசத்துடன் ஓட்ட வேண்டும். இரவில் விளக்கும் ஒளிரும் பட்டையும் அவசியம்.

நீரிழிவு உள்ளவர்கள் பாதத்தை மூடும் மென்மையான காலணி அணிந்து, வீடு திரும்பியதும் காலில் புண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நடக்கும்போது சர்க்கரை மிகவும் இறங்கக்கூடும் என்பதால், இன்சுலின் போடுபவர்கள் கையில் இனிப்பு வைத்திருப்பது நல்லது. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், தலைசுற்றல் வந்தால் உடனே நிறுத்தி மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

நடப்பவர்களுக்கு இடையூறில்லாத நடைபாதையை அமைத்துத் தருவது உள்ளாட்சி அமைப்புகளின் கடமை. கடைக்கும் பள்ளிக்குமான அடுத்த பயணத்தில் வண்டியை வீட்டில் நிறுத்திவிட்டுப் புறப்படுவது ஒவ்வொருவர் கையிலும் இருக்கிறது.