போர்வெல்லில் காத்து தான் வருதா? குறைஞ்ச தண்ணியில் தக்காளி விளைய வைப்பது எப்படி?

தர்மபுரி:-

தக்காளி விலை ஏறினால் வீட்டில் சண்டை. இறங்கினால் தோட்டத்தில் கண்ணீர். 2023-ம் ஆண்டு ஜூலை மாதம் கிலோ 100 ரூபாயை தாண்டியதும், சென்னையில் ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு தக்காளி விற்றதும் யாருக்கும் மறந்திருக்காது.

ஆனால் பாலக்கோடு, மாரண்டஅள்ளி, காரிமங்கலம் பக்கம் தக்காளி போடுகிறவர்களுக்கு விலையை விட பெரிய தலைவலி தண்ணீர்தான். நாத்து நடும்போது நல்லா ஓடுற மோட்டார், காய் பிடிக்கிற நேரம் பார்த்து கால் மணி நேரத்தில் மூச்சு வாங்கும். அந்த நேரத்தில் தண்ணி இல்லைன்னா உழவு, நாத்து, உரம், குச்சி கட்டுன கூலி எல்லாம் போச்சு.

2 லட்சம் லிட்டர்

வாய்க்கால் வெட்டி தண்ணீர் கட்டும்போது எவ்வளவு செலவாகுது தெரியுமா? 1 ஏக்கரில் 2 அங்குல உயரம் பாய்ச்சினாலே 2 லட்சம் லிட்டர். 12 ஆயிரம் லிட்டர் டேங்கர் லாரியில் கொண்டு வந்தால் 17 வண்டி!

தக்காளி வேர் பெரும்பாலும் மேல்மண்ணில் ஒன்று, ஒன்றரை அடிக்குள்தான் தண்ணி குடிக்கும். மிச்சம் கீழே இறங்கிவிடும், இல்லை வெயிலில் ஆவியாகும், இல்லை கோரைப்புல்லை வளர்க்கும். கரண்ட் பில் கிடையாது என்பதால் இந்த நஷ்டம் கண்ணுக்கு தெரிவதில்லை.

சொட்டு நீரில் கணக்கே வேற. 5 அடிக்கு ஒரு பாத்தி, பாத்திக்கு 2 வரிசை, செடிக்கு செடி 2 அடி என்று நட்டால் ஏக்கருக்கு சுமார் 8,700 செடி. கோடையில் காய் பிடித்த செடிக்கு நாளைக்கு சுமார் 2 லிட்டர் போதும். மொத்தம் 17 ஆயிரம் லிட்டர் சொச்சம். 2 செடிக்கு நடுவில் மணிக்கு 4 லிட்டர் விடும் சொட்டுவான் ஒன்று இருந்தால் 1 மணி நேரம் ஓட்டினால் முடிந்தது. சின்ன செடிக்கு கால் மணி நேரமே அதிகம்.

ஒரே மணி நேரத்தில் 17 ஆயிரம் லிட்டர் பல போரில் வராது. அதனால் வால்வு வைத்து கால் கால் ஏக்கராக பிரித்து விடணும். அதிகாலையில் விட்டால் ஆவியாவது குறைவு.

அதுக்கு மேல சீட் போட்டால் இன்னும் மிச்சம். வெள்ளி நிறம் மேலே, கருப்பு கீழே வரணும். கருப்பு களையை அடக்கும், வெள்ளி நிறத்தின் பளபளப்புக்கு அசுவினி, வெள்ளை ஈ கொஞ்சம் ஒதுங்கும். 400 மீட்டர் ரோல் ஏக்கருக்கு 7 வரை தேவைப்படும். காசு இல்லையா? கரும்பு சோகை, வைக்கோல் பரப்பினாலும் மண் காயாது. சீட் போட்டவங்க அறுவடை முடிந்ததும் சுருட்டி எடுத்துடணும், அப்படியே உழுதால் நிலம் பாழ்.

காய்ச்சலும் பாய்ச்சலும்

நெல்லுக்கு காய்ச்சலும் பாய்ச்சலும் நல்லதுதான். காய் பிடித்த தக்காளிக்கு ஆகவே ஆகாது. நாலு நாள் காயப்போட்டு திடீரென்று நிறைய விட்டால் பழம் வெடிக்கும். தண்ணி விட்டு விட்டு கிடைத்தால் செடிக்குள் சுண்ணாம்பு சத்து ஏறாமல் பழத்தின் அடிப்பக்கம் கருத்து அழுகும். இதை நோய் என்று நினைத்து மருந்து வாங்கி அடிக்கிறவங்க எத்தனையோ பேர்! பூ எடுக்கும்போதும் பிஞ்சு விடும்போதும் கஞ்சத்தனம் கூடாது. பழுக்க ஆரம்பித்த பிறகு குறைக்கலாம், ருசியும் கூடும்.

தண்ணி தேவையா என்று பார்க்க மெஷின் வேண்டாம். அரை அடி தோண்டி மண்ணை எடுத்து பிசையுங்க. உருண்டை பிடித்தால் இன்னிக்கு மோட்டார் போட வேண்டாம். உதிர்ந்தால் போடலாம்.

உப்புத் தண்ணீர் உள்ள இடத்தில் சொட்டுவான் அடைக்கும். பில்டரை அடிக்கடி கழுவி, வாரம் ஒரு தடவை குழாயின் கடைசி மூடியை திறந்து விடணும். எலியும் அணிலும் கடித்திருக்கா என்றும் ஒரு நடை பார்த்துக்குங்க.

தமிழகத்தில் சொட்டு நீர் பாசனம் அமைக்க சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதம், மற்றவர்களுக்கு 75 சதவீதம் மானியம் உண்டு. சிட்டா, அடங்கல், நில வரைபடம், ஆதார், தாசில்தார் தரும் சிறு, குறு விவசாயி சான்று ஆகியவற்றுடன் அந்தந்த வட்டார தோட்டக்கலை அலுவலகத்தை அணுகலாம்.