இறக்கை சுருங்கிய தேனீ சொன்ன சேதி



இரண்டு வருடம் முன்பு, எள் பூத்த சமயத்தில், திருப்பருத்திக்குன்றத்தில் இருக்கும் என் கொல்லையில் ஒரு இத்தாலியத் தேனீப் பெட்டி வாங்கி வைத்தேன். அதற்கு முன்பே இரண்டு பெட்டி இந்தியத் தேனீ இருந்தது. நாலு மாதம் நன்றாகப் போயிற்று. பிறகு ஒருநாள் காலை பெட்டி வாசலில், தரையில், தேனீக்கள் ஊர்ந்துகொண்டிருந்தன. இறக்கை கசங்கிய காகிதம் மாதிரி சுருங்கிக் கிடந்தது. வயிறும் குட்டை.

"பக்கத்துக் கழனியிலே மருந்து அடிச்சாங்க சார், அதான்" என்றார் வேலைக்கு வரும் அம்மா. நானும் நம்பி, கழனிக்காரரிடம் போய்க் கோபமாகப் பேசிவிட்டேன். அது என் தப்பு. மருந்து பட்ட தேனீ நடுங்கிச் சாகும். ஆனால் அதன் இறக்கை முழுசாக இருக்கும். இறக்கை சுருங்கியே பிறந்தால், அது அறைக்குள் கூட்டுப்புழுவாக இருந்தபோதே அடிபட்டது என்று அர்த்தம். அடித்தது ஒரு வைரஸ். அதை உள்ளே ஏற்றியது வரோவா என்ற உண்ணி.

உண்ணி வளரும் விதம்

மாட்டு உண்ணியை நமக்குத் தெரியும். வரோவா அதன் தூரத்துச் சொந்தம். செம்பழுப்பு நிறம், ஒன்றரை மில்லிமீட்டர் அகலம். தேனீ, புழு அறையை மெழுகால் மூடுவதற்குச் சற்று முன்பு தாய் உண்ணி உள்ளே நுழைந்துவிடும். மூடியபின் முட்டையிடும். முதல் முட்டை ஆண். அப்புறம் சுமார் 30 மணி நேரத்துக்கு ஒன்றாகப் பெண் முட்டைகள். தாயும் பிள்ளைகளும் ஒரே காயத்தில் வாய் வைத்து உறிஞ்சும். அந்தக் காயத்தின் வழியாகத்தான் வைரஸ் போகிறது.

வங்கியில் இருந்தவனுக்கு இது கூட்டு வட்டிக் கணக்காகத்தான் தெரிகிறது. உண்ணிகளில் பெரும்பகுதி மூடிய அறைகளுக்குள் இருப்பதால் கண்ணில் படுவது கொஞ்சம்தான். பூ குறைந்து தேனீக்கள் குறையும்போது மொத்தக் கடனும் ஒரே நேரத்தில் வந்து நிற்கும்.

உண்ணி வந்தால் வைரஸ் ஏன் கொல்கிறது?

இறக்கையைச் சுருக்கும் வைரஸ் உண்ணி இல்லாத கூட்டிலும் இருக்கும். ஊட்டும் உணவு வழியாகவும் ராணியின் முட்டை வழியாகவும் மெதுவாகப் பரவும். பெரும்பாலும் தொந்தரவு செய்யாது. உண்ணி அதையே நேராக உடம்புக்குள் ஊசி போட்ட மாதிரி ஏற்றுகிறது. போதாததற்கு, தேனீயின் நோய் எதிர்ப்புக்கு உதவும் கொழுப்புத் திசுவையும் தின்கிறது.

ஹவாய் தீவுகளில் இதை நேரிலேயே பார்த்தார்கள். அங்கே 2007-இல் ஒரு தீவில் உண்ணி நுழைந்தது. 2012-இல் வெளியான ஆய்வின்படி, உண்ணி இல்லாத இடங்களில் 10 சதவீதம் கூடுகளில் இருந்த வைரஸ், உண்ணி வந்த இடங்களில் ஏறக்குறைய எல்லாக் கூட்டிலும் இருந்தது. தேனீக்களில் வைரஸின் அளவு பத்து லட்சம் மடங்கு கூடியிருந்தது.

நம்ம தேனீ, வந்த தேனீ

இந்த உண்ணி ஆதியில் நம் ஆசியத் தேனீயோடு வாழ்ந்தது. இந்தியத் தேனீ உண்ணியைக் கடித்துத் தள்ளும். ஆண் தேனீயின் அறைகளில்தான் உண்ணி பெருகும் என்பதால் கூடு தாங்குகிறது. 1960-களில் இத்தாலியத் தேனீயை நம் நாட்டில் நிலைபெறச் செய்தார்கள். அதற்கு இந்தப் பழக்கம் போதாது. வேலைக்காரத் தேனீயின் அறைகளிலும் உண்ணி பெருகிவிடும்.

அதனால் நம்ம தேனீக்கு ஒன்றும் வராது என்று நினைக்க வேண்டாம். 1991-92-இல் கன்னியாகுமரி, மார்த்தாண்டம் பக்கம் 'தாய் சாக்புரூட்' என்ற வைரஸ் வந்து, தென்னிந்தியாவில் 90 சதவீதத்துக்கும் மேல் இந்தியத் தேனீக் கூடுகளை அழித்தது. அந்த நோய்க்கு உண்ணி தேவையில்லை. புழுவுக்கு ஊட்டும் தேனீ வழியாகவே பரவும். பெட்டிக்குப் பெட்டி சட்டம் மாற்றினால் நாமே பரப்புவோம்.

செய்ய வேண்டியவை

வைரஸுக்கு மருந்து கிடையாது. உண்ணியைக் குறைப்பதுதான் வழி.

1. மாதம் ஒருமுறை எண்ணுங்கள். ராணி இல்லாத சட்டத்திலிருந்து அரை டம்ளர், சுமார் 300 தேனீ, வலை மூடி போட்ட பாட்டிலில் போட்டு இரண்டு ஸ்பூன் பொடித்த சர்க்கரை சேர்த்து மெதுவாக உருட்டுங்கள். சில நிமிடம் விட்டு, தண்ணீர் ஊற்றிய வெள்ளைத் தட்டில் கவிழ்த்துக் குலுக்குங்கள். சர்க்கரை கரையும், உண்ணி நிற்கும். தேனீக்களைத் திரும்பக் கூட்டில் விட்டுவிடலாம். 100-க்கு 3 தாண்டினால் தாமதிக்க வேண்டாம்.
2. மூடிய ஆண் தேனீ அடையை வெட்டி எடுத்து அழியுங்கள். உண்ணி அதைத்தான் அதிகம் விரும்பும்.
3. நலிந்த கூட்டைத் திறந்து போடாதீர்கள். தேன் திருட வரும் பக்கத்துக் கூட்டுத் தேனீ, உண்ணியையும் சேர்த்துக் கொண்டுபோகும்.
4. பார்மிக் அமிலம், தைமால் உதவும். தேன் எடுக்கும் காலத்தில் வேண்டாம். அமிலம் தோலையும் கண்ணையும் சுடும். உழவர் அறிவியல் மையத்தில் கையால் செய்து பழகிவிட்டுத் தொடுங்கள்.

நான் எண்ணியபோது 300-க்கு 22 வந்தது. அதற்குள் காலம் கடந்துவிட்டது, அந்தப் பெட்டி காலி. இந்தியத் தேனீப் பெட்டி இரண்டும் இருக்கின்றன.

கழனிக்காரரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "அப்போ மருந்து அடிச்சா தேனீக்கு ஒண்ணும் ஆகாதா சார்?" என்றார். "ஆகும். அது வேற கணக்கு" என்றேன். சிரித்தார். இப்போது அடிப்பதற்கு முந்தின நாளே சொல்லிவிடுகிறார். அன்று பெட்டி வாசலை மூடி வைக்கிறேன்.