கீழ்முகமும் தசை தளர்த்தும் ஊசியும்

முகத்தை மேல்முகம், நடுமுகம், கீழ்முகம் என மூன்று கூறாகப் பகுத்து ஆராய்வது மருத்துவ நூலார் வழக்கு. மூக்கின் அடி தொடங்கி மோவாய் ஈறாக உள்ள பகுதியே கீழ்முகம். இம்மூன்றனுள் மிகுதியாக உழைப்பது இதுவே. நெற்றி சுருங்குவது பெரும்பாலும் உள்ளக் குறிப்பைப் புலப்படுத்தற் பொருட்டு. கீழ்முகமோ உண்ணல், பருகல், பேசல், பாடல், நகைத்தல் ஆகிய அனைத்திற்கும் கருவியாய் அமைந்துளது. சுருக்கத்தை நீக்கவும், தாடையின் அகலத்தைக் குறைக்கவும், தசையைத் தளர்த்தும் ஊசி மருந்து இக்காலத்தில் இப்பகுதியிலும் செலுத்தப்பெறுகின்றது. அம்மருந்து யாது, அஃது எங்ஙனம் தொழிற்படுகின்றது, நெற்றியில் இடுவதற்கும் வாயருகே இடுவதற்கும் வேறுபாடு என்னை என்பவற்றை ஈண்டு விளக்க முயல்வோம்.

அம்மருந்து உண்மையில் ஒரு கொடிய நஞ்சாம். காற்றுப் புகாவிடத்தில் வளரும் ஒருவகை நுண்கிருமி அதனைத் தோற்றுவிக்கின்றது. ஜெர்மனியின் தென்பாலுள்ள உர்ட்டம்பெர்க் நாட்டில், குடலில் அடைத்துப் பதப்படுத்திய இறைச்சி கெட்டுப்போக, அதனை உண்டு மாண்டார் பலர். யுஸ்டினுஸ் கெர்னர் என்னும் மருத்துவர் 1820, 1822-ஆம் ஆண்டுகளில் அந்நோயின் குறிகளை விரித்தெழுதினார். நரம்பின் ஏவல் தசையைச் சேராவண்ணம் இந்நஞ்சு தடுக்கின்றது என்று உய்த்துணர்ந்த அவர், மிகச் சிறிய அளவில் இதனை மருந்தாகவும் வழங்கலாகும் என அன்றே கருதினார். அவ்விறைச்சிக்கு இலத்தீன் மொழியில் வழங்கும் ‘பொட்டுலுஸ்’ என்னும் பெயரே ‘பொட்டுலினம்’ என நஞ்சின் பெயராயிற்று. 1895-ஆம் ஆண்டில் பெல்ஜிய நாட்டில் எல்ஸெல் என்னும் சிற்றூரில் பன்றித் தொடையிறைச்சியை உண்ட இசைவாணர் பலர் நோயுற்றனர், மூவர் இறந்தனர். அப்பொழுது எமில் வான் எர்மெங்கம் என்பார் அக்கிருமியைப் பிரித்தறிந்து உலகிற்குக் காட்டினார்.

கெர்னர் கருதியது நிறைவேற ஒன்றரை நூற்றாண்டு சென்றது. ஸான் பிரான்ஸிஸ்கோ நகரத்துக் கண் மருத்துவர் ஆலன் ஸ்காட், மாறுகண்ணைத் திருத்துதற்கு இந்நஞ்சைப் பயன்படுத்தி, அதன் பயனை 1980-இல் வெளியிட்டார். 1989-இல் அமெரிக்க அரசாங்கம் அந்நோய்க்கும் இமைத்துடிப்பு நோய்க்கும் இதனை அனுமதித்தது. இதற்கிடையில், கானடாவின் வான்கூவர் நகரத்தில் ஜீன் கர்ரதர்ஸ் என்னும் கண் மருத்துவ அம்மையார், இமைத்துடிப்பிற்கு ஊசியிட்ட ஒருவரின் புருவ நடுவில் இருந்த மடிப்பு மறைந்திருக்கக் கண்டார். அவரும், அவர்தம் கணவரும் தோல் மருத்துவருமாகிய அலஸ்டர் கர்ரதர்ஸும் 1992-இல் அதனைக் கட்டுரையாக வெளியிட்டனர். நோய் தீர்க்க வந்த நஞ்சு அழகு செய்யும் பணியில் புகுந்தது இவ்வாறேயாம். இன்று பொடாக்ஸ் என்னும் வணிகப் பெயர் யாவரும் அறிந்ததொன்று.

இனி, அஃது தொழிற்படும் முறையைக் காண்போம். நரம்பின் முனையில் அசிட்டைல்கோலின் என்னும் இரசாயனப் பொருள் நுண்ணிய பைகளில் அடங்கியிருக்கின்றது. மூளையின் கட்டளை வந்தவுடன் அப்பைகள் நரம்பின் சுவரோடு ஒன்றித் தம்முள் இருப்பதை வெளிவிட, தசை அதனை ஏற்றுச் சுருங்கும். ஏ வகைப் பொட்டுலினம், அவ்வாறு ஒன்றுதற்கு இன்றியமையாத ஸ்நாப்-25 என்னும் புரதத்தை வெட்டிவிடுகின்றது. எனவே கட்டளை வந்தும் தூது செல்லாது; தசை இறவாது ஓய்ந்திருக்கும். ஊசியிட்ட இரண்டு முதல் ஐந்து நாட்களில் தளர்ச்சி தொடங்கி, இரண்டு வாரத்தில் முற்றி, பெரும்பாலும் மூன்று நான்கு திங்களில் நீங்கும். இட்ட மருந்தைத் திரும்பப் பெற வழியில்லை. பிழை நேரின் காலமே அதனைத் தீர்க்கவேண்டும்.

நிற்க. நெற்றித் தசை அகன்று தனித்துக் கிடப்பது. வாயைச் சூழ்ந்த தசைகளோ பாய் முடைந்தாற்போல ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பன. வாய்க்கோணத்தைக் கீழே இழுக்கும் தசை ஒன்றுண்டு. அதனைச் சிறிது தளர்த்தினால் சோர்ந்த வாய்க்கோணம் சற்றே உயரும். ஆயின் அதற்கு அணித்தாகவே கீழிதழைத் தாழ்த்தும் தசை உளது. மருந்து விரல் நுனியளவு விலகி அதனைச் சேருமாயின், நகைக்குங்கால் இதழின் ஒருபுறம் தாழ, மறுபுறம் நிற்கும், நகை கோணலாகும். மோவாய்த் தசையைத் தளர்த்தின் ஆங்குத் தோன்றும் சிறு குழிகள் நிரவும். அளவு மிகின் கீழிதழ் தன் உறுதியை இழக்கும்.

வாயை வளைத்துக் கிடக்கும் தசையைப் பற்றிச் சிறப்பாக உணர்தல் வேண்டும். மேலிதழின்மீது நெடுக ஓடும் கோடுகளை மறைக்க இதில் ஊசியிடுவர். ஆயின் ப, ம என்னும் எழுத்துக்கள் இதழ் இரண்டும் இயையப் பிறப்பன என்பதை நம் மாணவர் அறிவர். அவ்வியைபு தளர்ந்தால் ஒலி குழறும். பருகும் நீர் வாய்க்கோணத்தில் வழியும். சீழ்க்கை அடித்தலும் அரிதாகும். ஆகலின் குழலும் நாகசுரமும் ஊதுவார்க்கும், பாடுவார்க்கும், பேச்சையே தொழிலாகக் கொண்டார்க்கும் இது தகுவதன்று.

தாடையின் இருபுறமும் திரண்டுள்ள மெல்லுதசையின் நிலை வேறு. உறக்கத்தில் பற்களை நெறிப்பாரிடம் இது பருத்து முகத்தை அகலமாக்குவதுண்டு. இதனைப் பொட்டுலினத்தால் சுருக்கலாம் என்னும் செய்தி 1994-இல் பிரிட்டானிய வாய், தாடை, முக அறுவை மருத்துவ இதழில் வெளிவந்தது. தசை வேலையின்றி மெலிதற்குச் சில வாரங்கள் ஆகும். அதுகாறும் கடியன உண்பதில் சோர்வு தோன்றலாம். ஊசி முன்புறம் விலகின் நகைக்கும் தசை தளர்ந்து சிரிப்புக் குறுகும். தோல் தளர்ந்த முதியோரிடம், தசை மெலியத் தாடையோரத் தொங்கல் மிகுதலும் உண்டு.

அமெரிக்க அரசாங்கம் அழகிற்காக இம்மருந்தை அனுமதித்த இடங்கள் புருவ நடு 2002-இலும், கண்ணின் கடைக்கோடி 2013-இலும், நெற்றி 2017-இலும், கழுத்துத் தசைப் பட்டைகள் 2024-இலுமாம். இப்பட்டியலில் வாயைச் சூழ்ந்த தசைகள் இடம்பெறவில்லை. ஆண்டு ஆங்கு இடுவது மருத்துவர் தம் அறிவையும் பொறுப்பையும் துணைக்கொண்டு செய்வதாகும். அளவும் மிகக் குறைவு. புருவ நடுவிற்குப் பொடாக்ஸ் 20 அலகு விதிக்கப்பட்டிருக்க, வாய்க்கோணத் தசைக்குப் பக்கத்திற்குச் சில அலகுகளே இடுவர். ஒரு வணிகப் பெயரின் அலகு மற்றொன்றின் அலகோடு ஒவ்வாது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

அளவு மிஞ்சின் அமுதமும் நஞ்சாம் என்பது நம்மவர் பழமொழி. முன்னரே நஞ்சாயுள்ளது அளவு மிஞ்சின் யாதாகும்? 2004-இல் அமெரிக்காவின் ப்ளாரிடா மாகாணத்தில், மனிதர்க்கு இட அனுமதி பெறாத, செறிவு மிக்க நஞ்சைச் சுருக்கம் நீங்கச் செலுத்தப்பெற்ற நால்வர் உடல் செயலற்று மருத்துவமனையிற் கிடந்தனர். 2009-இல், மருந்து இட்ட இடத்தினின்றும் பரவி விழுங்குதலையும் மூச்சையும் தடுத்தல் கூடும் என்னும் எச்சரிக்கையைக் கட்டமிட்டு அச்சிடுமாறு அந்நாட்டு அரசாங்கம் கட்டளையிட்டது. 2024-இல் போலி மருந்தாலும், பயிலாதார் கையாலும் பதினொரு மாகாணங்களில் 22 பேர் தீங்குற்ற செய்தி அந்நாட்டு நோய்த்தடுப்பு நிலையத்தாரால் அறிவிக்கப்பட்டது.

தசைச் சோர்வு நோயுடையாரும், ஊசியிடும் இடத்தில் புண்ணுடையாரும் இதனை ஏற்றல் ஆகாது. கருவுற்ற மகளிர் தவிர்த்தல் நன்று. மேலும், வெயிலால் தோல் நைந்தமையாலும், அகவையால் கொழுப்பும் எலும்பும் குறைந்தமையாலும் தோன்றும் மாற்றங்களை இம்மருந்து நீக்காது. தசையின் இழுப்பால் வருவதொன்றே இதன் எல்லைக்குட்பட்டது.

இம்மருந்தை வெறுத்தல் நம் கருத்தன்று. மாறுகண்ணையும் இமைத்துடிப்பையும் தீர்த்து எத்துணையோ பேர்க்கு நலம் புரிந்தது இதுவே. ஆயின் கீழ்முகத்தில் இதனை விரும்புவார் முதற்கண் வினவற்பாலன மூன்று: ஊசியிடுவார் முறையாகப் பயின்ற மருத்துவரா? மருந்து உரிய வழியில் வந்ததா? என் சுருக்கம் தசையால் வந்ததா? இம்மூன்றற்கும் தெளிந்த விடை கிடைத்தபின்னும் சிறிதளவே தொடங்கி, இரண்டு வாரம் பொறுத்து, வேண்டின் மேலும் இடுவதே அறிவுடையார் முறை. இடுவது குறைந்தால் மீண்டும் இடலாம். மிகுந்தால் மூன்று நான்கு திங்கள் நகைக்கவும் பேசவும் இடர்ப்பட வேண்டும் என்பதை மறவாதிருப்போமாக.