உங்களுக்குத் தெரியுமா? பொன்வண்டுச் சிறகணிந்த நாடக அரசி

1847ஆம் ஆண்டு இங்கிலாந்தின் காவென்ட்ரி நகரில், ஊர் ஊராகச் சென்று நடித்து ஜீவித்த பெற்றோருக்குப் பிறந்து, 1856இல் பாலப் பருவத்திலேயே லண்டனில் விக்டோரியா மகாராணியின் முன்னிலையில் ஷேக்ஸ்பியரின் இளவரசன் மமில்லியஸாக வேஷந்தரித்து மேடையேறிய எல்லன் டெர்ரி அம்மையார், 1878 முதல் இருபதாண்டுகளுக்கு மேலாக, ஹென்றி இர்விங்கின் லைசியம் நாடகசாலையில் பிரதான நடிகையாகப் பிரகாசித்தார்.

1888இல் லேடி மக்பெத்தாக நடிக்கையில் அவர் அணிந்த பச்சை அங்கியில், நம் கிராமத்துச் சிறுவர்கள் தீப்பெட்டிக்குள் வைத்து வளர்க்கும் பொன்வண்டின் இனத்தைச் சேர்ந்த வண்டுகளின் சிறகோடுகள் ஏறக்குறைய 1,000 தைக்கப்பட்டிருந்தமையால், வாயு விளக்கின் பிரகாசத்தில் அவ்வங்கி சர்ப்பத்தின் செதிலெனப் பளபளத்தது. அக்கோலத்தில் மயங்கிய ஓவியர் சார்ஜென்ட், கிரீடத்தை இரு கரங்களாலும் சிரத்துக்கு மேல் அவர் உயர்த்திப் பிடிப்பதாக ஒரு சித்திரம் தீட்டினார்; நாடகத்தில் அப்படியொரு காட்சியே இல்லை என்பது வேறு விஷயம்! சித்திரம் இன்று லண்டன் டேட் கலைக்கூடத்துக்குரியது. அங்கியோ கென்ட் பிரதேசத்து ஸ்மால்ஹைத் கிராமத்தில், அவர் வாழ்ந்து 1928இல் காலமான இல்லத்தில் பாதுகாக்கப்படுகிறது.

உடன் நடித்த இர்விங்குக்கு 1895இலேயே ‘சர்’ பட்டம் வழங்கிய ராஜாங்கத்துக்கு, இவ்வம்மையாரை ‘டேம்’ என்று கௌரவிக்க 1925 வரை அவகாசம் தேவைப்பட்டது.