மந்த காலமும் மாநகராட்சிக் கருவூலமும்

வீட்டு வரிச் சீட்டைக் கண்டு முகம் சுளிக்காதோர் நம்மில் மிகச் சிலரே. வாடகைக்குக் குடியிருக்கும் அன்பர்களோ, "அது வீட்டுக்காரர் பாடு" என்று வாளா இருந்துவிடுகின்றனர். ஆயினும், நாம் பிழைக்க வந்த இம்மும்பையில் காலையில் குழாய்நீர் வருவதும், தெருக்குப்பை அகல்வதும், தாராவித் தமிழர்கள் ஓடிச் சேரும் சயான் மருத்துவமனை நடப்பதும் மாநகராட்சியின் பணத்தாலன்றோ? வாணிபம் தளர்ந்து, வேலை குறைந்த காலத்தில் அப்பணம் எங்கிருந்து வருகிறது என்பதை நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

நெடுங்காலம் மாநகராட்சிக்குப் பெருவருவாய் ஈட்டித் தந்தது 'ஆக்ட்ராய்' எனும் நுழைவு வரி. நகர எல்லைக்குள் வந்த சரக்குகளின்மீது சாவடிகளில் அது தண்டப்பெற்றது. 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்ததும் அது ஒழிந்தது. அதற்கு ஈடாக, 2016-17ஆம் ஆண்டின் வருவாயை அடிப்படையாகக் கொண்டு, ஆண்டுதோறும் 8 விழுக்காடு கூட்டி, மாநில அரசு தொகை வழங்கச் சட்டம் செய்யப்பட்டது.

இதன் பயன் 2020இல் விளங்கிற்று. கொரோனா ஊரடங்கில் சரக்குப் போக்குவரத்துத் தளர்ந்தது. பழைய வரி இருந்திருப்பின் அதனுடன் வருவாயும் வீழ்ந்திருக்கும். ஈட்டுத் தொகையோ சரக்கு வண்டிகளை எண்ணி அளக்கப்படுவதன்று. ஆனால் மற்றொரு பெரும் வருவாயாகிய கட்டட அனுமதிக் கட்டணங்கள் தளர்ந்தன. கட்டுமானத் தொழிலைத் தூக்கி நிறுத்த, 2021 ஜனவரியில் மாநில அரசு அவற்றுட் சிலவற்றைப் பாதியாகக் குறைத்தது. மருத்துவச் செலவோ அதே காலத்தில் பெருகிற்று. வரவு சுருங்கும் நாளிலேதான் செலவு விரிகிறது. இதுவே மந்த காலத்தின் கொடுமை.

மத்திய அரசு பற்றாக்குறை வரவு செலவு போட்டுக் கடன் பெறலாம். மாநகராட்சி கடன் பெற வேண்டுமாயின் மாநில அரசின் இசைவு வேண்டும். எனவே அது சேமிப்பில் கை வைக்கும். அன்றேல் பணிகளைத் தள்ளிப்போடும். சாக்கடை தூர்வாருதல், பழங்குழாய் மாற்றுதல் போன்ற கண்ணிற்படாப் பணிகளே எளிதில் தள்ளிப்போகும். மழைக்காலத்தில் அதன் விலையைக் கொடுப்பவர் தாழ்ந்த பகுதியில் வாழும் ஏழையரே.

2022இல் 500 சதுர அடிக்குட்பட்ட வீடுகளுக்குச் சொத்து வரி விலக்களிக்க மாநில அரசு முடிவு செய்தது. சிறுகுடித்தனம் நடத்தும் நம்மவர் பலர்க்கு அது நல்ல உதவியே. எனினும், சொந்த வரி குறையக் குறைய, பிறர் கையை எதிர்நோக்கும் நிலை வளரும். இதனை எண்ணியே, 1992ஆம் ஆண்டின் 74ஆம் அரசியலமைப்புத் திருத்தம், ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாநில நிதிக் குழு அமைத்து நகராட்சிகளின் பங்கை ஆராயுமாறு விதித்தது.

அன்பர்களே! வாடகையினுள்ளே நாமும் வரி செலுத்துகிறோம். ஆகவே, "இது நம் ஊரன்று" என ஒதுங்காது, ஆண்டுதோறும் மாநகராட்சியின் வரவு செலவுத் திட்டத்தைப் படிப்போம். நம் தெருச் சாக்கடைக்கு ஒதுக்கிய தொகை என்னவாயிற்று என்று வார்டு அலுவலகத்தில் கேட்போம். கேட்கும் குடிமக்கள் உள்ள இடத்தில் கண்ணிற்படாப் பணியும் கண்ணிற்படும்.