பார்வை முக்கோணம் (சாலை வாயில்)

பார்வை முக்கோணம் என்பது, ஒரு மனையின் வாகன வாயிலிலிருந்தோ கிளைச்சாலையிலிருந்தோ முதன்மைச் சாலைக்குள் நுழையும் ஓட்டுநர், அச்சாலையில் வருவோரைத் தடையின்றிக் காண்பதற்காகத் திறந்து வைக்கப்படும் முக்கோண வடிவ நிலப்பரப்பு ஆகும். ஐக்கிய இராச்சியத்தில் புதிய வீடுகளுக்கும் குடியிருப்புத் திட்டங்களுக்கும் திட்டமிடல் அனுமதி கோரும்போது, நெடுஞ்சாலைப் பொறியாளர்கள் முதலில் அளந்து பார்ப்பவற்றுள் இதுவும் ஒன்று. வீட்டின் வரைபடம் எவ்வளவு சிறப்பாக இருந்தாலும், வாயிலில் போதிய பார்வை இல்லையெனில் விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம். இக்கட்டுரை பெரும்பாலும் இங்கிலாந்து, வேல்சு ஆகியவற்றின் நடைமுறையை விளக்குகிறது.

இரண்டு அளவுகள்

இம்முக்கோணம் எக்ஸ், ஒய் எனப்படும் இரண்டு தொலைவுகளால் வரையறுக்கப்படுகிறது. எக்ஸ் தொலைவு, முதன்மைச் சாலையின் விளிம்பிலிருந்து வாயிலுக்குள் பின்னோக்கி அளக்கப்படுவது. இது வழக்கமாக 2.4 மீட்டர் ஆகும். மகிழுந்தின் முன்முனைக்கும் ஓட்டுநரின் கண்ணுக்கும் இடையிலுள்ள தூரத்தை ஒட்டி இந்த எண் அமைந்துள்ளது. வண்டியின் மூக்கைச் சாலைக்குள் நீட்டாமலே ஓட்டுநர் இருபுறமும் பார்க்க முடியவேண்டும் என்பதே கருத்து. ஒய் தொலைவு, முதன்மைச் சாலையின் ஓரமாக இடப்புறமும் வலப்புறமும் அளக்கப்படுவது. இந்தியா, இலங்கை போலவே அங்கும் வாகனங்கள் இடப்பக்கமாகச் செல்வதால், வலப்புறமிருந்து வருபவை வாயிலை ஒட்டிய தடத்திலேயே வருகின்றன. ஆகவே வலப்புறப் பார்வை குறைவது கூடுதல் ஆபத்தானது.

ஒய் தொலைவின் கணக்கீடு

ஒய் தொலைவு, முதன்மைச் சாலையில் வரும் வண்டி முழுதாக நிற்கத் தேவைப்படும் தூரத்தைப் பொறுத்தது. இத்தூரத்திற்கு இரண்டு பகுதிகள் உண்டு: ஓட்டுநர் ஆபத்தை உணர்ந்து பிரேக்கை மிதிக்கும் வரை வண்டி ஓடும் தூரம், மிதித்த பின் ஓடும் தூரம்.

2007இல் வெளியான 'தெருக்களுக்கான கையேடு', எதிர்வினை நேரத்தை 1.5 நொடி எனவும், எதிர்முடுக்கத்தைப் புவியீர்ப்பு முடுக்கத்தின் 0.45 பங்கு (ஏறத்தாழ 4.41 மீ/வி²) எனவும் கொள்கிறது. மணிக்கு 30 மைல் (48 கிமீ) வேகம் என்பது நொடிக்கு 13.3 மீட்டர். முதல் பகுதி 13.3 × 1.5 = 20 மீட்டர். இரண்டாம் பகுதி, வேகத்தின் வர்க்கத்தை எதிர்முடுக்கத்தின் இருமடங்கால் வகுத்தால் கிடைக்கும் 20 மீட்டர். மொத்தம் 40 மீட்டர். வண்டியின் முன்பகுதி நீளத்தையும் சேர்த்து இது 43 மீட்டர் ஆகிறது. இதே முறையில் 20 மைல் வேகத்திற்கு 25 மீட்டரும், 37 மைல் (60 கிமீ) வேகத்திற்கு 59 மீட்டரும் தேவை.

கையேடு வருமுன், பெருநெடுஞ்சாலைகளுக்காக எழுதப்பட்ட விதிகளே குடியிருப்புத் தெருக்களுக்கும் பரவலாகப் பயன்படுத்தப்பட்டன. அவை எதிர்வினை நேரத்தை 2 நொடி எனவும், எதிர்முடுக்கத்தை 0.25 பங்கு எனவும் கொண்டதால், 50 கிமீ வேகத்திற்கே 70 மீட்டர் கேட்டன. பல சிறிய மனைகளுக்கு அது எட்டாத அளவு.

இங்கு கருதப்படும் வேகம் பலகையில் எழுதிய வேகவரம்பு அன்று. நூற்றுக்கு 85 வாகனங்கள் மீறாத வேகம் அளவிடப்பட்டு, அதுவே கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுகிறது. 30 மைல் வரம்புள்ள சாலையில் வண்டிகள் உண்மையில் 37 மைலில் ஓடினால், 43 மீட்டர் முக்கோணம் காகிதத்தில் மட்டுமே பாதுகாப்பானது.

பார்வை கூடினால் பாதுகாப்பு கூடுமா?

எப்போதும் இல்லை. எக்ஸ் தொலைவு 2.4 மீட்டரை விட நீண்டால், ஓட்டுநர் சந்திப்பை நெருங்கும்போதே இடைவெளியைக் கண்டு நிற்காமல் நுழைந்துவிட முடிகிறது. சந்திப்பின் கொள்ளளவு கூடும். ஆனால் குறுக்கே வரும் மிதிவண்டியையோ நடப்பவரையோ அவர் கவனிக்கத் தவறும் வாய்ப்பும் கூடும் எனக் கையேடு எச்சரிக்கிறது. முதன்மைச் சாலையில் செல்வோரும், முன்னே தெரியும் தூரம் குறையும் இடங்களில் வேகத்தைக் குறைப்பதாக அக்கையேட்டிற்காகச் செய்யப்பட்ட ஆய்வு காட்டியது.

உயரமும் நடப்போரும்

முக்கோணம் தரையில் வரையப்பட்டாலும் அது முப்பரிமாணமானது. மகிழுந்து ஓட்டுநரின் கண் உயரம் 1.05 மீட்டர் எனக் கொள்ளப்படுகிறது. பார்க்கப்படும் பொருளின் உயரம் 0.6 மீட்டர், சிறு குழந்தையும் கண்ணுக்குத் தெரியவேண்டும் என்பதே இதன் காரணம். எனவே முக்கோணத்துக்குள் மதில், உயிர்வேலி போன்றவை 0.6 மீட்டருக்கு மேல் எழக்கூடாது எனப் பல அனுமதிகளில் நிபந்தனை இடப்படுகிறது. மதில் வளராது, செடி வளரும். வரைபடத்தில் சரியாக இருந்த வாயில் சில கோடைகளுக்குப் பின் குருட்டு வாயிலாக மாறுவது இதனால்தான்.

நடைபாதையைக் கடந்து செல்லும் வாயில்களில், நடப்போரைக் காண்பதற்கெனத் தனியே இருபுறமும் சிறு முக்கோணங்கள் கேட்கப்படுவதுண்டு. பல உள்ளூராட்சி மன்றங்கள் 2 மீட்டருக்கு 2 மீட்டர் என்ற அளவைப் பின்பற்றுகின்றன.

நில உரிமை

முக்கோணம் முழுவதும் விண்ணப்பதாரரின் நிலத்திலோ பொதுச் சாலை எல்லையிலோ அமையவேண்டும். அதன் ஒரு முனை பக்கத்து வீட்டுத் தோட்டத்தில் விழுந்தால், அவ்வீட்டார் வேலி வளர்ப்பதை எவரும் தடுக்க இயலாது. அத்தகைய துண்டு நிலத்தை வைத்திருப்பவர் பெரும் விலை கேட்கலாம். 1961இல் ஸ்டோக்ஸ் எதிர் கேம்பிரிட்ச் மாநகராட்சி வழக்கில், வாயிலுக்கான நிலத்தின் பங்காக, கட்டுமானத்தால் ஏற்படும் மதிப்பு உயர்வின் மூன்றில் ஒரு பகுதியை நிலத் தீர்ப்பாயம் கணக்கிட்டது. இன்றும் பேரங்கள் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றிலிருந்தே தொடங்குகின்றன.

பிற கூறுகள்

நடைபாதையின் ஓரக்கல்லைத் தாழ்த்தி வாகனம் கடக்க வழி செய்வதற்கு, 1980ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைகள் சட்டம், பிரிவு 184இன் கீழ் ஒப்புதல் தேவை. செலவு பொதுவாக வீட்டு உரிமையாளருடையது. வாயிற்கதவு சாலை விளிம்பிலிருந்து ஏறத்தாழ 5 மீட்டர் உள்ளே, உட்புறமாகத் திறக்கும்படி அமைக்கப்படுகிறது. இல்லையெனில் கதவு திறக்கும் வரை வண்டியின் வால் சாலையில் நீட்டிக்கொண்டிருக்கும். சாலையை ஒட்டிய முதல் சில மீட்டர்களில் தளர்வான சரளைக்கல் அனுமதிக்கப்படுவதில்லை, ஏனெனில் சக்கரங்கள் அதைச் சாலைக்கு இழுத்து வந்துவிடும். மழைநீரும் சாலைக்குப் பாயக்கூடாது. வேகமான சாலைகளில் உள்ள வாயில்களுக்கு, மனைக்குள்ளேயே வண்டியைத் திருப்பும் இடமும் கேட்கப்படுகிறது. நெடுஞ்சாலை விதித்தொகுப்பின் 201ஆம் விதி, வீட்டு வாயிலில் இயன்றவரை பின்னோக்கி நுழைந்து முன்னோக்கி வெளியேறுமாறு கூறுகிறது.